விசுவாசம் வியாபாரம் அன்று

(யூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற முந்நாள் தியானத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் கண்கள் முதலில் கோவில் கோபுரத்தைத்தான் ஏறிட்டுப் பார்க்கின்றன. வெள்ளையடித்தாயிற்று. கொடிமரம் புதுப்பித்தாயிற்று. மணியும் மெருகேறிவிட்டது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் கல்லும் சுண்ணாம்பும் யூபிலி கொண்டாடுவதில்லை. கொண்டாடுகிறவர்கள் நாம். நம் பாட்டன் பாட்டிமார் நமக்கு விட்டுச்சென்ற ஒரு சொத்துக்காகவே கொண்டாடுகிறோம். அந்தச் சொத்து பத்திரத்தில் எழுதப்படவில்லை, பட்டாவில் காணப்படவில்லை. அதன் பெயர் விசுவாசம்.

அந்தச் சொத்து இன்னதென்று நாம் அறிந்திருக்கிறோமா? மூதாதையர் வைத்துப்போன பெட்டியைத் திறந்து பார்க்காமலே பூசையறையில் வைத்துச் சாம்பிராணி போடுவாரும் உண்டு. யூபிலி ஆண்டிலாவது அந்தப் பெட்டியை நாம் திறந்து பார்க்க வேண்டும்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஞானோபதேசம் படித்த காலத்தில் தேவசம்பந்தமான புண்ணியங்கள் மூன்று என்று மனப்பாடம் செய்தோம். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்பன அவை. 1995-ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், விசுவாசம் என்று நாம் சொல்லிவந்ததை நம்பிக்கை என்றும், நம்பிக்கை என்று சொல்லிவந்ததை எதிர்நோக்கு என்றும் எழுதிற்று. பெரியவர்கள் சிலர், "சாமி, ஒரு புண்ணியத்தைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் வைத்துவிட்டார்களே" என்று குறைப்பட்டுக்கொள்வதுண்டு. பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை. பழைய சொல்லையும் புதிய சொல்லையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்கு இலாபமே. எப்படி என்று கேளுங்கள்.

விசுவாசத்தில் மூன்று இழைகள் முறுக்கப்பட்டிருக்கின்றன. முதல் இழை, கடவுள் வெளிப்படுத்திய சத்தியங்களை உண்மையென்று ஏற்றுக்கொள்ளுதல். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது இதைச் செய்கிறோம். இரண்டாம் இழை, அச்சத்தியங்களைச் சொன்னவரை நம்பி அவர் கையில் நம்மை ஒப்படைத்தல். புதிய மொழிபெயர்ப்பின் நம்பிக்கை என்னும் சொல் இதை நன்றாகக் காட்டுகிறது. மூன்றாம் இழை, விட்டுப் பிரியாத பற்று. "பத்து வருஷமாக விசுவாசமாக வேலை பார்க்கிறான்" என்று ஒருவனைக் குறித்துச் சொல்கிறோமே, அது இந்தப் பொருளில்தான். பழைய சொல்லில் இந்த வாசனை இன்றும் இருக்கிறது. அறிவு ஏற்கிறது, இதயம் நம்புகிறது, வாழ்க்கை பற்றி நிற்கிறது. மூன்றும் சேர்ந்தால்தான் கயிறு. இழை ஒன்று அறுந்தாலும் கிணற்றிலிருந்து நீர் மேலே வராது.

இதை விளங்கிக்கொள்ள நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். 2019-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு வாங்குகிறவர் யாராவது அதைப் பிரித்து உள்ளே உள்ள லீவர்களை எண்ணிப் பார்த்துவிட்டா வாங்குகிறார்? செய்தவரின் கைத்திறனை நம்பி வாங்குகிறார். வாங்கிய பூட்டைக் கதவில் மாட்டி, தம் வீடு முழுவதையும் அதன் பொறுப்பில் விட்டுவிட்டுப் பயணம் போகிறார். பூட்டு நல்ல பூட்டென்று வாயால் சொல்வது ஒன்று. அதை நம்பி வெளியூர் போவது மற்றொன்று. "கடவுள் உண்டு" என்று சொல்வதோடு நின்றுவிடுகிறவர், பூட்டைப் புகழ்ந்துவிட்டுத் திண்ணையிலேயே காவலிருக்கிறவர்.

வேடசந்தூர்ப் பக்கமோ நத்தம் பக்கமோ மானாவாரிக் காட்டில் நிலக்கடலையும் சோளமும் போடுகிற விவசாயியைப் பாருங்கள். ஆடி மாதத்தில் விதைத் தானியத்தை மண்ணில் போடுகிறார். வீட்டில் வைத்திருந்தால் உண்ணலாம். சந்தைக்குக் கொண்டுபோனால் காசாகும். ஆனாலும் மண்ணில் போடுகிறார். வானத்தோடு அவர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு மழை பொய்த்திருக்கலாம். இவ்வாண்டும் உழுகிறார். விசுவாசத்தின் தந்தையாகிய அபிரகாமும் அப்படித்தான் புறப்பட்டார். எங்கே போகிறோம் என்று அறியாமலே, அழைத்தவரை மட்டும் அறிந்து புறப்பட்டார்.

இதுவரை சொன்னதை மறுப்பார் நம்மில் எவருமில்லை. சிக்கல் இனித்தான் தொடங்குகிறது.

நம் பகுதி மக்களின் பக்தி பெரிது. முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் திருவிழாவுக்கு ஆகஸ்டு மாதத்தில் ஆடும் கோழியும் அரிசியும் காணிக்கையாக வந்து குவிவதை நாம் அறிவோம். அவை சமைக்கப்பட்டு, வந்தவர்க்கெல்லாம் பரிமாறப்படுகின்றன. எந்தச் சாதி, எந்த மதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மாரம்பாடி அந்தோனியார் கோவிலுக்கு வேண்டுதலோடு போகிறவர்கள் ஏராளம். இவற்றைக் குறைசொல்வதற்காக நாம் இங்கே கூடவில்லை. பெற்ற நன்மைக்கு நன்றிசொல்லித் தன் ஆட்டைப் பலரோடு பகிர்ந்துண்பவன் நல்ல காரியமே செய்கிறான். நேர்ச்சை நன்றியாக இருக்கும்வரை அது செபம்.

ஆனால் நேர்ச்சை பேரமாக மாறும் இடம் ஒன்று உண்டு. "இதைச் செய்து தாரும், அதைக் கொடுக்கிறேன்" என்று தொடங்குகிறது. பிறகு, "நான் கொடுத்துவிட்டேன், நீர் ஏன் இன்னும் செய்யவில்லை?" என்று கணக்குக் கேட்கிறது. கடைசியில், "இந்தக் கோவிலில் நடக்கவில்லை, வேறிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்" என்று கடை மாற்றுகிறது. ஒரு கடையில் சரக்கு இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவது வாடிக்கையாளரின் உரிமை. பிள்ளை தகப்பனிடம் அப்படி நடப்பதில்லை. நாம் கடவுளுக்கு வாடிக்கையாளர்களா, பிள்ளைகளா? விசுவாசத்தைப் பற்றிய கேள்வி முழுவதும் இந்த ஒன்றில் அடங்கிக் கிடக்கிறது.

பங்குக் குருக்களாகிய நாங்கள் எல்லாரும் ஏதாவதொரு நாள் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்பாள். "சாமி, நான் என்ன குறை வெச்சேன்? ஒரு ஞாயிறு பூசை தவறலையே. செபமாலை விடலையே. என் பிள்ளையை ஏன் சாமி எடுத்துக்கிட்டாரு?" அவளிடம், "உன் விசுவாசம் போதவில்லை" என்று சொல்கிற போதகர்கள் இன்று பலர். அது கொடிய சொல். புண்ணில் வேல் பாய்ச்சுவதற்குச் சமம். விசுவாசம் சரக்கு வாங்கும் காசாக இருந்தால் அல்லவா, போதும் போதாது என்று எண்ணிப் பார்க்க முடியும்?

அந்தத் தாய்க்கு நாம் என்ன பதில் சொல்வோம்? நம் தமிழ் மண்ணிலே பிறந்த ஒருவரின் வரலாற்றைச் சொல்வோம்.

நட்டாலம் என்னும் ஊரில், இன்றைய குமரி மாவட்டத்தில், 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-இல் நீலகண்ட பிள்ளை பிறந்தார். அது அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. வசதியான குடும்பம், பத்மநாபபுரத்தில் அரசு அலுவல். நடுவயதில் வீட்டில் அடுக்கடுக்காகத் துன்பங்கள் நேர்ந்தன. கால்நடைகள் மாண்டன, விளைச்சல் நட்டமாயிற்று. மனம் சோர்ந்திருந்த அவர், டிலனாய் என்ற தளபதியிடம் தம் துயரத்தைச் சொன்னார். இந்த டிலனாய் 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி அளித்த டச்சுப் படைத் தலைவர். அவர் நீலகண்ட பிள்ளைக்கு எதைச் சொன்னார் தெரியுமா? "எங்கள் மதத்துக்கு வந்தால் உம் மாடுகள் பெருகும்" என்று ஆசை காட்டவில்லை. எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார்.

இழப்பின் கதையைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்தவர் அவர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், 1745-ஆம் ஆண்டு மே 14-இல், சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்னும் பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயர் சூட்டினார்கள். 'கடவுள் உதவினார்' என்பது அதன் பொருள். அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

அதன்பின் அந்தப் பெயருக்கேற்றபடி உதவி வந்ததா? வெளிக்கண்ணால் பார்த்தால் வரவில்லை. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகினார். எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்று போதித்தார். எதிர்ப்பு வந்தது. 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். பிரம்படி கொடுத்தார்கள், காயத்தில் மிளகாய்த்தூள் தடவினார்கள். பழைய மதத்துக்குத் திரும்பியிருந்தால் பதவியும் கௌரவமும் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் திரும்பவில்லை. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் கோவிலில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-இல், திருச்சபை விசுவாச ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாட்களில், நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர் இவரே. குருவோ துறவியோ அல்லர். நம்மைப் போல் குடும்பஸ்தர்.

யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பக் கிடைத்ததே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் யோபு கடவுளைப் பற்றி நின்றது கிடைப்பதற்கு முன்பே. தேவசகாயத்துக்கோ இவ்வுலகில் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அப்படியானால் கடவுள் எதில் உதவினார்? அவரை விட்டு அகலாதிருந்ததில் உதவினார். மூன்றாண்டுச் சிறையிலும் அவர் தனியாயிருக்கவில்லை. விசுவாசம் துன்பத்தை விலக்கும் தாயத்து அன்று. துன்பத்திலும் விலகாத ஒருவரின் கையைப் பிடித்திருப்பதே விசுவாசம்.

ஆகவே அந்தத் தாயிடம் நாம், "உன் கேள்விக்கு எங்களிடம் விளக்கம் இல்லை அம்மா" என்றே சொல்வோம். யோபுவின் நண்பர்கள் விளக்கம் சொன்னார்கள்; கடவுள் அவர்களைத்தான் கடிந்துகொண்டார். கேள்வி கேட்ட யோபுவைத் தள்ளிவிடவில்லை என்று வேதாகமம் காட்டுகிறது. சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று தம் தந்தையைக் கேட்டார். கேள்வி கேட்பது விசுவாசக் குறைவாகாது. கேள்வியை யாரிடம் கொண்டுபோகிறோம் என்பதே முக்கியம். நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் ஒருவன், தனக்கு விசுவாசம் உண்டென்றும் இல்லாத விசுவாசத்துக்கு உதவ வேண்டுமென்றும் ஒரே மூச்சில் ஆண்டவரிடம் அழுதான். ஆண்டவர் அவனைத் தள்ளவில்லை.

புனிதர்களுக்கும் இந்த இருள் வந்திருக்கிறது. லிசியே நகர்ப் புனித குழந்தை தெரேசம்மாள் 1897-ஆம் ஆண்டு, தம் 24-ஆம் வயதில் மரிக்குமுன், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்காலம் மோட்சமே இல்லையோ என்னும் சோதனையில் உழன்றார். கல்கத்தாப் புனித தெரசா அன்னையின் கடிதங்கள் 2007-இல் அச்சில் வந்தபோது, அவர் பல்லாண்டுகள் கடவுளின் ஆறுதலை உணராமலே ஏழைகளின் புண்களைக் கழுவியதை உலகம் அறிந்தது. உணர்ச்சி வற்றியபோதும் அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. கிணறு வற்றினாலும் மரம் ஆழத்தில் வேர்விட்டு நிற்கிறதல்லவா?

சரி, ஒருவர் இப்படித் தனியாக நிற்க முடியுமா? முடியாது. அதனால்தான் கடவுள் நமக்குத் திருச்சபையைத் தந்தார். 325-ஆம் ஆண்டு நிசேயா நகரில் ஏறக்குறைய 300 ஆயர்கள் கூடி விசுவாச அறிக்கையை வகுத்தார்கள். 2025-ஆம் ஆண்டோடு அதற்கு 1700 ஆண்டுகள் நிறைந்தன. அந்த அறிக்கையை அவர்கள் 'நான்' என்று தொடங்கவில்லை. 'நாங்கள்' என்று தொடங்கினார்கள். ஒருவன் தளரும்போது மற்றவனுடைய விசுவாசம் அவனைத் தாங்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம். அழுகையால் செபிக்க முடியாத அந்தத் தாய்க்காக, பக்கத்து வீட்டுக்காரி செபமாலையைக் கையில் எடுக்கிறாளே, அதுதான் 'நாங்கள்'.

நம் மதுரை மிஷனின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1773-ஆம் ஆண்டு சேசு சபை உலகெங்கும் கலைக்கப்பட்டது. குருக்கள் குறைந்தார்கள், பல ஊர்கள் ஆண்டுக்கணக்கில் பூசை காணாதிருந்தன. சபை 1814-இல் மீண்டும் நிறுவப்பட்டாலும், பிரான்சு நாட்டுச் சேசு சபைக் குருக்கள் மதுரை நாட்டுக்கு வந்து சேர்ந்தது 1830-களின் இறுதியில்தான். இடையிலே ஏறக்குறைய இரண்டு தலைமுறைகள் ஓடிவிட்டன. அந்தக் காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர் யார்? உபதேசியார்களும், பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்பித்த தாய்மார்களும் அல்லவா? 2003-ஆம் ஆண்டு திண்டுக்கல் தனி மறைமாவட்டமானது. இன்று நமக்கு ஆயர் உண்டு, குருக்கள் உண்டு, நாள்தோறும் திருப்பலி உண்டு. ஆனால் வீட்டில் மாலைச் செபம் உண்டா? குருக்கள் இல்லாத காலத்தில் அணையாத விளக்கு, தொலைக்காட்சியும் கைப்பேசியும் உள்ள காலத்தில் அணைந்துவிட்டால், யூபிலிக்கு என்ன பொருள்?

கடைசியாக ஒன்று. செயலற்ற விசுவாசம் செத்த விசுவாசம் என்பது புனித யாகப்பரின் போதனை. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோவிலில், சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சொன்னார்கள்! 1910-ஆம் ஆண்டு அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் சென்றார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கேட்ட சாதியுரிமையை ஏற்கவில்லை. கல்லாலான சுவர் போயிற்று. மனத்திலுள்ள சுவர் போயிற்றா? கல்யாணப் பேச்சில், கல்லறைத் தோட்டத்தில், தேர் தூக்குவதில், யாரைப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைக்கிறோம் என்பதில், அந்தச் சுவரை நாம் மீண்டும் மீண்டும் எழுப்பவில்லையா? "பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று சொல்லிவிட்டு அண்ணன் தம்பியைப் பிரித்து வைப்பது விசுவாசத்தை மறுதலிப்பதாகும். வாயால் மறுதலிப்பதைவிட அது கொடியது.

நம் மறைமாவட்டப் பேராலயம் புனித சூசையப்பரின் பெயர் தாங்கியது. சுவிசேஷங்களில் அவர் பேசிய ஒரு வார்த்தையும் இல்லை. எழுந்தார், அழைத்துச் சென்றார், உழைத்தார், காத்தார். அவருடைய விசுவாசப் பிரமாணம் முழுவதும் கைகால்களால் எழுதப்பட்டது.

எனவே இந்த யூபிலிக்கு நாம் மூன்று தீர்மானங்கள் எடுப்போம். ஒன்று, வீடுதோறும் நாள்தோறும் பத்து நிமிடமாவது குடும்பமாய்ச் செபிப்போம். அதில் கேட்பதற்கு முன் நன்றி சொல்வோம். இரண்டு, துக்கம் நேர்ந்த வீட்டுக்கு விளக்கம் சொல்லப் போகாமல் கூட இருக்கப் போவோம். முப்பதாம் நாள் முடிந்தபின்னும் போவோம். மூன்று, நம் பங்கில் இன்னும் நிற்கிற சுவர் எதுவென்று நாமே கண்டு, அதை நாமே இடிப்போம். பெயர் சொல்லத் தேவையில்லை, ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இம்மூன்றுக்கும் கைம்மாறாகக் கடவுள் நமக்கு என்ன தருவார் என்று கேட்காதீர்கள். தம்மையே தந்துவிட்டார். இதற்குமேல் தருவதற்கு அவரிடம் என்ன இருக்கிறது?

புனித தேவசகாயமும் புனித சூசையப்பரும் நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. விசுவாசத்தின் தாயாகிய மரியம்மாள் நம் கையைப் பிடித்து நடத்துவாளாக. எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.